வாய்க்கு முப்பது மார்க்

1

போன வாரம் என் கடைசி மகன் கரீம் பள்ளியிலிருந்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கடைசியில் ஓர் இடத்தை விரலால் காட்டினான்.

“இங்க சைன் போடுங்க வாப்பா. படிக்கத் தேவையில்ல. எல்லார் வீட்டிலயும் சும்மா போட்டுக் குடுத்துட்டாங்க.”

படிக்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் முதல் வரியிலிருந்து படிப்பது என் வழக்கம். போருக்கு முன் பினாங்கில் ஒரு தமிழ்த் தினசரியில் நிருபராகவும் பிழை திருத்துபவனாகவும் இருந்தேன். இப்போது மலாக்காவில் துணிக்கடை. தொழில் மாறியும் கண் மாறவில்லை.

ஆங்கில வகுப்பில் மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், மார்க்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் தாளின் விஷயம். கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு நாள் மார்க் குறையும். அடுத்தவனைப் பார்த்து எழுதினால் இருவருக்கும் சைபர். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்குத் தனியாக மார்க் உண்டு. கடைசி வரி பெற்றோருக்கு: பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம் பேசும்படி ஊக்கப்படுத்த வேண்டும்.

என் மனைவி மரியம் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். “என்னா போட்டிருக்கு அதுல?” என்றாள். சொன்னேன். கை நின்றது.

“வீட்டுல பேசினா மார்க்கா? குறைக்க மாட்டாங்களா?”

கரீம் சிரித்தான். “பேசினா ஏன் உம்மா குறைப்பாங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்தைப் போட்டேன்.

நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் இருந்து இதைப் படிக்கும் உறவினர்கள் சிலர், ஜப்பான்காரன் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். பசியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பெண் பிள்ளையின் ஆங்கில மார்க்கைப் பற்றி. சின்ன விஷயம்தான். ஆனால் அந்த நாட்களில் யார் யாரை எப்படிப் பார்த்தோம் என்பது அதற்குள் இருக்கிறது.

2

போர் வந்ததும் பத்திரிகை நின்றது. நான், மரியம், மகள் சபியா மூவரும் மலாக்காவுக்கு வந்தோம். கரீம் அப்போது பிறக்கவில்லை. மரியத்தின் அண்ணனுக்கு இங்கே துணிக்கடை. நாங்கள் வந்து சேர்ந்தபோது கடையில் துணி இல்லை, அலமாரி மட்டும் இருந்தது. மச்சான் அதில் தேங்காயெண்ணெய் சோப்பையும் மரவள்ளி மாவையும் அடுக்கி வைத்திருந்தார்.

காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு பலகை வீட்டின் பாதி எங்களுக்குக் கிடைத்தது. மறுபாதியில் சாமிநாதன் என்ற கிராணி. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை. குடும்பம் ஊரில், இங்கே தனி ஆள். நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து “தண்ணி குடிங்க நானா” என்பார், எங்களவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல. அன்பாகத்தான் சொல்வார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆங்கிலப் பெயர்ப் பலகைகளை இறக்கிவிட்டார்கள். வெறும் ஆங்கிலம் பேசியதற்காகப் பிடிபட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆங்கில ரேடியோ கேட்டதற்காகப் பிடிபட்டவர்களைத் தெரியும். அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், நகங்கள் இல்லாமல். பேசுவதற்கும் கேட்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எல்லோரும் கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்றார்கள்.

சபியாவுக்கு அப்போது பதினேழு. பினாங்கில் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை வந்தவள். நாகூர்க்காரர்கள் வீட்டுப் பெண்ணை அதுவரை படிக்க வைத்ததற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. சர்ட்டிபிகேட் பரீட்சை எழுத வேண்டிய வருஷத்தில் பள்ளி மூடிவிட்டது. மற்ற பாடங்களில் தேறி ஆங்கிலத்தில் தவறினால் அந்தச் சர்ட்டிபிகேட் கிடையாது. அது இல்லாமல் சிங்கப்பூரில் மருத்துவம் படிக்க முடியாது. போர் முடியும், பரீட்சை வரும், அப்போது ஆங்கிலம் துருப்பிடித்திருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. மச்சானின் கணக்கு வேறு. “பரீட்சை வருமோ வராதோ மச்சான், மாப்பிள்ளை இப்பவே வந்து நிக்கிறான்” என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

3

செல்லையா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். போருக்கு முன் இந்த ஊர் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் கடைசி வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவர். இப்போது காலையில் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்தார். அதில் பரீட்சை எழுதித் தேறியதற்காக ஒரு சின்ன உலோக வில்லையைச் சட்டையில் குத்தியிருப்பார். சாயங்காலம், வாரத்தில் இரண்டு நாள், அதே சட்டையோடு ரகசியமாக ஆங்கிலம் எடுத்தார்.

இடம் லெட்சுமி என்ற விதவையின் வீடு. இங்கே செட்டிகள் என்று சொல்லப்படும் பழைய குடிகளில் ஒருவர். அவர்களுக்குத் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, தெருவில் கோயில் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். நாங்கள் அவரை மக்சிக் என்போம், மலாயில் அத்தை என்பதுபோல. அவர் என்னை ‘மாமாக்’ என்பார், இங்கே தமிழ் முஸ்லிம்களைக் கூப்பிடுகிற பெயர் அது.

வகுப்புத் தொடங்குமுன் ஆறு பிள்ளைகளின் பெற்றோரையும் மாஸ்டர் அங்கே வரச் சொன்னார். விதிகளைச் சொன்னார். எழுதித் தரவில்லை.

“முதலாவது, ஒண்டும் எழுதக்கூடாது. புத்தகம் இல்லை, பென்சில் இல்லை. கட்டுரையை மண்டைக்குள்ளை எழுதிக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை சொல்ல வேணும். ரெண்டாவது, பிந்தி வாற பிள்ளை வரவே வேண்டாம். கதவு சாத்தியிருந்தால் நேரை நடந்து போங்கோ, திரும்பியும் பார்க்கக்கூடாது. மூண்டாவது, மார்க். கட்டுரைக்கு முப்பது. நான் வாசிச்சதைத் திருப்பிச் சொல்ல இருபது. இலக்கணம் இருபது. வாய்க்கு முப்பது.”

“வாய்க்கா?” என்றேன்.

“வாய்க்குத்தான் எடிட்டர்.” நான் பத்திரிகையில் இருந்தவன் என்பதால் அந்தப் பெயர். மரியாதையாகவும் கேலியாகவும் எடுத்துக்கொள்ளலாம். “இந்த அறைக்கு வெளியிலை ஒரு இங்கிலீஷ் சொல்லு வந்தாலும் ரெண்டு மார்க் போகும். காலை மிதிச்சவனிட்டை ‘ஸாரி’ எண்டு சொன்னாலும் ரெண்டு. பாஸ் எழுபது. பரீட்சையிலை எழுபதுக்குக் கீழை போன பிள்ளைக்குப் பிறகு இங்கை இடமில்லை.”

கூட்டிப் பார்த்தேன். வாய்க்கு சைபர் வாங்கிய பிள்ளை மற்ற மூன்றிலும் முழு மார்க் எடுத்தால்தான் எழுபது. அதாவது, தேற முடியாது. அவர் அதை யோசித்தே போட்டிருந்தார்.

“வெளியில் பேசினதை யார் கேட்டுச் சொல்வது?”

“எல்லாரும். பிள்ளையள் ஒராளை ஒராள் கவனிக்கும். வீட்டிலை தாய் தகப்பன் கவனியுங்கோ. கேட்டதை என்னட்டை வந்து சொல்லுங்கோ. சொன்ன ஆள் ஆரெண்டு நான் வெளியிலை விடமாட்டன்.”

அந்த மாதங்களில் ஜப்பான் நிர்வாகமும் தெருவுக்குத் தெரு ஒருவரை நியமித்து, வீட்டுக்கு வீடு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஏற்பாடு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்பது தெரியவில்லை.

லெட்சுமி மக்சிக் காப்பி கொண்டுவந்தார். எங்கள் எல்லோருடையதும் வறுத்த மக்காச்சோளக் கஷாயம், கசப்பு. மாஸ்டர் தன் கோப்பைக்குப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துச் சர்க்கரை போட்டுக்கொண்டார். அந்த வருஷம் மலாக்காவில் சர்க்கரை போட்டுக் குடித்தவர்கள் யார் யார் என்று என்னால் சொல்ல முடியும். அவர்களில் யாருக்கும் அது சும்மா வரவில்லை.

4

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கரீம் அந்தத் தாள்களை மறுபடி கொண்டுவந்தான். அலுவலகத்தில் திருப்பிவிட்டார்களாம். என் கையெழுத்து தமிழில் இருக்கிறது, அது யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் போட வேண்டும்.

“ஏன் வாப்பா எப்பவும் இப்படிப் பண்றீங்க? ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் பேர் கூப்பிட்டாங்க. மாலு” என்றான். வெட்கம் என்பதற்கு அவனுக்கு மலாய்ச் சொல்தான் வருகிறது.

ஆங்கிலத்தில் போட்டேன். அவன் அதை உற்றுப் பார்த்தான். என் கையெழுத்து என்று அவனே நம்பியதாகத் தெரியவில்லை.

சபியா இப்போது சிங்கப்பூரில் நர்ஸ். போர் முடிந்து பள்ளி திறந்ததும், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து சர்ட்டிபிகேட் வாங்கினாள். மருத்துவத்துக்கு வயதும் வசதியும் கடந்திருந்தன. மாதம் ஒரு கடிதம் வரும், உம்மாவின் பெயருக்கு, உம்மாவுக்குத் தெரிந்த, அரபு எழுத்தில் எழுதும் தமிழில். கடைசியில் ‘வாப்பாவுக்கு சலாம்’ என்று ஒரு வரி இருக்கும்.

5

வகுப்பு நடந்த மாதங்களில் சபியா வீட்டில் பேச்சைக் குறைத்தாள். முன்பெல்லாம் மூன்று மொழியும் கலந்து ஓயாமல் பேசுகிறவள். இப்போது வாய் தவறிவிடும் என்ற பயத்தில் ‘ம்’ என்பாள், தலையை ஆட்டுவாள். சோற்றுக்குப் பதில் வேகவைத்த மரவள்ளியைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தின்போம். சுவருக்கு அந்தப் பக்கம் கிராணி உளியால் எதையோ செதுக்குவது கேட்கும். அவர் நிறுத்தினால் நானும் மெல்லுவதை நிறுத்துவேன்.

ஒருநாள் அவள் முகம் வெளுத்து வந்தாள். “வாய் பதினாறுக்கு வந்திடுச்சு வாப்பா.”

அப்படியானால் பதினான்கு போயிருக்கிறது. அவளைப் பற்றி யாரோ ஏழு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

“யாரு முன்னால பேசின?”

“யாரு முன்னாலயும் பேசல.”

நான் அவளை நம்பினேன். அதனால் மற்ற எல்லோரையும் சந்தேகித்தேன். முதலில் போ செங் என்ற சீனப் பையன். செமாபோக்கிலிருந்து, டயருக்குப் பதிலாகத் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில் வருவான். சபியாவுக்கு அடுத்து அவன்தான் கெட்டிக்காரன். சோப்பு வாங்கக் கடைக்கு வந்தபோது மடக்கினேன். அவன் மலாயில் சொன்னான்:

“நான் இல்ல மாமாக். மாஸ்டர் காதுலயே விழுந்து என் வாயே பத்தில நிக்குது. நான் அவளைச் சொன்னா அவ என்னைச் சொல்லுவா. எங்களுக்குள்ள யாரும் யாரையும் சொல்றதில்ல. மாஸ்டருக்கு மட்டும் தெரியாது.”

பொய் சொல்கிறவன் இவ்வளவு நஷ்டமான உண்மையைச் சொல்லமாட்டான் என்று தோன்றியது. அடுத்து மச்சான். வகுப்பு நின்றால் அவருக்குக் கல்யாணம் பேச வசதி. ஆனால் மச்சானுக்கு எது இங்கிலீஷ், எது ஜப்பான் மொழி என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அடுத்து கிராணி. அவருக்குத் தெரிந்திருந்தால் மாஸ்டரிடம் சொல்லமாட்டார், வேறு இடத்தில் சொல்வார். கடைசியாக மாஸ்டர். யாரும் சொல்லாமலே அவரே குறைக்கிறாரோ? கெட்டிக்காரப் பிள்ளையை வெளியே அனுப்புவதில் அவருக்கு என்ன லாபம்? அந்த வில்லை, அந்தச் சர்க்கரை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வழக்கம்போல் பேசிக்கொண்டு நிற்காமல் கிளம்பினேன். மாஸ்டர் வீடு இருந்த சந்து வழியாக வந்தபோது, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் அங்கிருந்து வெளியே வந்தாள். நடையில் தெரிந்துவிட்டது. மரியம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், குரலை அடக்கித்தான். கிராணி வேலைக்குப் போயிருந்தார். ஆனாலும் அடக்கிப் பேசுவது பழகிவிட்டது.

“நீதான் சொல்றியா?”

“நான்தான்” என்றாள் மரியம். துப்பட்டியை மடித்தாள். “பெத்தவங்கதான் சொல்லணும்னு அந்த மனுசன் சொன்னாரா இல்லியா? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க?”

“அவ யார்கிட்ட பேசினா?”

“யார்கிட்டயும் இல்ல. தூக்கத்துல பேசறா. இங்கிலீசுல. நீங்க போட்ட குறட்டையில உங்களுக்கு எங்க கேக்கும்?” சுவரைக் காட்டினாள். “அதுக்கு அந்தாண்ட ஒரு காது ஈக்குது. அது குறட்டை விடாது.”

நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பனியனோடு வெளியே வந்தார். வில்லை குத்திய சட்டை கொடியில் தொங்கியது.

“தூக்கத்தில் பேசுவதற்கு மார்க் குறைக்க உங்கள் விதியில் இடம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“விதி வாயைப் பற்றியது எடிட்டர். நித்திரையிலையும் வாய் அவளின்ரைதானே?”

“வாய் அவளுடையது. பேச்சு அவளுடையதில்லை. பிள்ளை அறிந்து செய்ததற்குத்தான் மார்க். காய்ச்சலில் உளறினால் குறைப்பீர்களா? பரீட்சை நடத்துகிறவர் முன்கூட்டிச் சொல்லாத விதியில் பிள்ளையைத் தோற்கடிக்கக் கூடாது. இது நீங்கள் எனக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயம்.”

அவர் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். தோற்பது அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் விவாதத்தில் நியாயம் இருந்தால் தலை குனிகிற ஆள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சரி. நித்திரைக்கு மார்க் குறைக்கேலாது. திருப்பிப் போடுறன். முப்பது. அவளுக்குச் சொல்லுங்கோ.”

வெற்றியோடு வந்து சபியாவிடம் சொன்னேன். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். “உண்மையாவா வாப்பா? தூக்கத்துக்கு இல்லையா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மரியம் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தூக்கப் பேச்சு கூடியது. எனக்கே கேட்டது. முழு வாக்கியங்கள், நல்ல வாக்கியங்கள். படுத்துக்கொண்டே பெருமைப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் நான் வெளியே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கிராணி வேலைக்குக் கிளம்பி வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

“நானா, உங்க வீட்ல ரேடியோ இருக்கா?”

“ரேடியோவா? எங்களிடம் கடிகாரமே இல்லை.”

“இல்ல, சும்மா கேட்டேன். காத்துல எங்கிருந்தோ சத்தம் வருது.” சிரித்தார். “உள்ள வந்து ஒரு தடவ பாத்துக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. நம்ம ஸ்டேஷன்ல கேட்டா, பாத்தேன்னு சொல்லலாம்ல?”

வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். அரிசித் தகரத்துக்குள் பார்த்தார், அதில் அரிசியும் இல்லை. சபியாவின் பாயைக் காலால் நகர்த்திப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களைக் காப்பாற்ற வந்தாரா, காட்டிக்கொடுக்க வந்தாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. மரியம் அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6

பார்ச்சு என்பது செட்டிகள் தங்கள் முன்னோருக்குப் படைக்கும் நாள். நடு அறையில் வாழையிலைகளில் சாப்பாட்டைப் பரிமாறி, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே செத்தவர்கள் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். தெருவே அடங்கியிருக்கும். மாஸ்டர் பரீட்சைக்கு அந்த நாளைத்தான் வைத்திருந்தார். வாசலில் செருப்புகள் கிடந்தாலும் விருந்தாளிகள் என்றுதான் நினைப்பார்கள்.

நடு அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பிள்ளைகளும் பெற்றோருமாக உட்கார்ந்தோம். இலைகளில் அந்த வருஷம் சோறு இல்லை, மரவள்ளிதான். படையலில் வைக்காத காப்பியை லெட்சுமி மக்சிக் எங்களுக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

“மெதுவாப் பேசச் சொல்லு மாமாக்” என்றார் என்னிடம் மலாயில். “எங்க ஆளுங்களுக்கு மலாய்தான் தெரியும். இங்கிலீஷ் காதுல விழுந்தா வெள்ளக்காரன் வரி கேட்டு வந்துட்டான்னு பாதிச் சாப்பாட்டுல எழுந்திருச்சுடுவாங்க.”

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கட்டுரை சொன்னார்கள், கிசுகிசுப்பாக. சபியாவின் முறை வந்தது. அவள் சொன்ன கட்டுரை, தண்ணீர் நிறுத்தப்பட்ட ஒரு ஊரில் குழாயடியில் நிற்கும் மக்களைப் பற்றியது. நான் பல பேர் எழுத்தைத் திருத்தியிருக்கிறேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை. போ செங் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

மாஸ்டர் மார்க்கைச் சொன்னார். கட்டுரைக்கு இருபத்தொன்பது. திருப்பிச் சொன்னதற்கு இருபது. இலக்கணம் பத்தொன்பது. அறுபத்தெட்டு. “வாய்க்கு முப்பது இருக்கு. தாய் தகப்பன் கடைசியாய்ச் சொல்ல ஏதும் இருக்கோ?”

“இல்லை” என்றேன்.

“ஈக்குது” என்றாள் மரியம்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மகளைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“அவ தூங்கல. முழிச்சுக்கிட்டுத்தான் பேசறா. முதல்லயே தெரியும். தூங்கற புள்ளையோட மூச்சு எனக்குத் தெரியாதா? ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றா, நடுவுல நிப்பாட்டி யோசிக்கிறா, மாத்திச் சொல்றா. புள்ளைய நேராக் காட்டிக் குடுக்க மனசு வராம தூக்கம்னு சொன்னேன். சொன்னா பயந்து நிறுத்துவான்னு பாத்தேன். இவங்க வந்து வாதாடி ஜெயிச்சுட்டாங்க. அன்னையிலேருந்து சத்தமாப் பேசறா. நேத்து பக்கத்து வீட்டு ஆளு ரேடியோ தேடிக்கிட்டு உள்ள வந்துட்டாரு.”

மாஸ்டர் சபியாவைப் பார்த்தார். “பிள்ளை, நித்திரையோ, முழிப்போ?”

நித்திரை என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாராலும் மறுத்து நிரூபிக்க முடியாது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். சொல், சொல் என்று மனசுக்குள் சொன்னேன்.

“முழிப்பு மாஸ்டர்.”

“ஏன்?”

“எழுதக்கூடாதுன்னீங்க. மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா நிக்க மாட்டேங்குது. காலையில பாதி போயிடுது. வாயால சொன்னாத்தான் நிக்குது.”

எழுதவும் கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது, ஆனால் கட்டுரை முழுதாக வரவேண்டும். தான் போட்ட இரண்டு விதிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதை மாஸ்டர் அப்போதுதான் பார்த்தார். மற்ற ஐந்து பேரின் கட்டுரைகள் ஏன் அவ்வளவு சுமாராக இருந்தன என்பதும் புரிந்திருக்கும். கட்டுரை விஷயத்தில் அவர்கள் விதியைக் காப்பாற்றியிருந்தார்கள்.

“வாய்க்கு சைபர்” என்றார். “அறுபத்தெட்டு.”

“ரெண்டுதானே குறையுது?” என்றாள் மரியம்.

“ஓம்.”

“போடுங்க ரெண்டு.”

“தங்கச்சி, நீங்கள்தானே சொன்னியள்?”

“சொன்னேன். அது உண்மை. இதுவும் உண்மைதானே? இந்தப் புள்ள சொன்ன மாதிரி இங்க ஒருத்தரும் சொல்லல, எனக்கு இங்கிலீசு தெரியாட்டியும் உங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. கேட்டா மறைக்காமச் சொல்லிட்டா. அதுக்கு ரெண்டு கிடையாதா? அவளுக்கு இல்லாட்டி எனக்குப் போடுங்க. பெத்த புள்ளைய என் வாயால சொன்னேனே, அந்த வாய்க்கு ரெண்டு மார்க் கிடையாதா?”

“இது மீன்கடை இல்லை தங்கச்சி.”

“மீன்கடையா இருந்தா இந்நேரம் போட்டிருப்பான்.”

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியிருந்தது. “இங்கை ஆறு வீடு இருக்குது. ரேடியோ தேடினவன் நாளைக்கு ஆளைத் தேடுவான். ரெண்டு மார்க்கைப் போட்டால் அவள் நாளைக்கும் வருவாள். அவளுக்குப் பின்னாலை ஆர் வருவினம்? நான் போடேலாது.”

அவரைப் பற்றிய என் சந்தேகம் அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். போகவில்லை. சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பிடித்துக்கொடுக்க நினைத்தவர் அந்த இரண்டு மார்க்கைப் போட்டிருப்பார் என்பது மட்டும் தெரிந்தது.

சபியா எழுந்தாள். மாஸ்டரிடம் தலை குனிந்தாள். நடு அறையில் இன்னும் கதவு சாத்தியிருந்ததால் பின்வழியாக வெளியே வந்தோம். லெட்சுமி மக்சிக் கிணற்றடிவரை வந்தார். சபியாவின் முதுகைத் தட்டினார்.

தெருவில் யாரும் இல்லை. எல்லா வீட்டிலிருந்தும் சாம்பிராணிப் புகை வந்தது. மரியம் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தாள், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். சபியா என்னோடு வந்தாள். அவளுக்காக வாதாடியவன் நான்தானே என்று நினைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வார்த்தை தேடினேன். அவள் முந்திக்கொண்டாள்.

“வாப்பா, நான் தூங்கறேன்னு நீங்க உண்மையாவே நம்பினீங்களா?”

“நம்பினேன்.”

“நீங்களும் கேட்டீங்கதானே? அந்தக் குழாயடிக் கட்டுரைய மூணு விதமா மாத்தி மாத்திச் சொன்னேன். எந்த வரி நல்லாருக்குன்னு நீங்க காலையில ஏதாவது ஜாடையாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

முன்னால் போன மரியத்தின் துப்பட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

“உம்மா நம்பல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மார்க் சொல்வதைப்போல் சொன்னாள். பிறகு நடையை எட்டிப்போட்டு, முன்னால் போய்க்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். மரியம் அவளைப் பார்க்கவில்லை. துப்பட்டியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். மகள் அதற்குள் போனாள்.